பப்பாளி ஆணா, பெண்ணா, இரண்டுமா? கலப்புப் பாலமைப்பு: ஓர் எளிய அறிமுகம்

கொல்லையில் பப்பாளி வளர்க்கிறவர்கள் வீட்டில் அடிக்கடி நடக்கும் ஒரு பஞ்சாயத்து உண்டு. மரம் ஆளுயரம் வளர்ந்து, பூவாய்ப் பூத்துத் தள்ளும். ஒரு பிஞ்சுகூடப் பிடிக்காது. "ஆண் மரம், வெட்டிப் போடு" என்பார் ஒருவர். "தண்டுல ஆணி அடி, பெண்ணா மாறிடும்" என்பார் இன்னொருவர். மூன்றாவது ஆள், "எங்க வீட்டுல ஒத்த மரம்தான் நிக்குது. சுத்துவட்டாரத்துல ஆண் மரமே கிடையாது. அது எப்படிக் காய்க்குது?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

ஆணிக்கு அந்தச் சக்தியெல்லாம் கிடையாது. ஆனால் மூன்றாவது ஆள் கேட்டது நல்ல கேள்வி. ஒரே இனத்தில் ஆண் மரம், பெண் மரம், இரண்டுமாக இருக்கும் மரம் என்று மூன்று வகை எப்படி இருக்க முடியும்? இதைப் பற்றிப் பேசும்போது பலரும் ஒரு ஏணியை மனதில் வைத்துக்கொள்கிறார்கள். கீழ்ப்படியில் 'இரண்டும் கலந்த' பழைய உயிர்கள், மேல்படியில் ஆண் தனி பெண் தனி என்று பிரிந்த 'முன்னேறிய' உயிர்கள், நடுவில் கலவையாக இருப்பவை பாதி வழியில் நின்றுபோனவை. அப்படி ஓர் ஏணி இல்லை. இருப்பது ஒரு வரவு செலவுக் கணக்கு. அதைப் புரிந்துகொண்டால் பப்பாளியும் புரியும், சில விசித்திரமான புழுக்களும் மீன்களும் புரியும்.

## பூ வேறு, செடி வேறு, கூட்டம் வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கரு உண்டாக ஒன்றோடொன்று சேரும் செல்லுக்குப் பாலணு என்று பெயர். உயிரியலில் ஆண் என்றால் சின்ன பாலணுவைத் தருவது. பெண் என்றால் பெரிய பாலணுவைத் தருவது. அவ்வளவுதான். பூக்களில் மகரந்தம் ஆண் பக்கம். பிறகு விதையாகப் போகும் சூல் பெண் பக்கம்.

செம்பருத்தியில் இரண்டும் ஒரே பூவில் இருக்கின்றன. இது இருபால் பூ. பூசணிக் கொடியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி; ஆனால் கொடி ஒன்றுதான். பெண் பூவின் அடியில் குட்டிப் பூசணி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், ஆண் பூவில் வெறும் காம்புதான். தென்னையும் இப்படித்தான், ஒரே பாளையில் இரண்டு வகைப் பூவும் வரும். பனையோ முழுக்கப் பிரிந்தது: ஆண் பனை ஒன்று, நுங்கு தரும் பெண் பனை வேறொன்று. பனை மாதிரியானவற்றை ஈரில்லத் தாவரம் என்கிறார்கள். பூக்கும் தாவர இனங்களில் இவை நூற்றுக்கு ஐந்தாறுதான். பெரும்பாலானவை செம்பருத்தியைப் போலவோ பூசணியைப் போலவோ ஒரே செடியில் இரண்டு வேலையையும் பார்க்கின்றன.

இவை எதிலும் கலவை இல்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாச் செம்பருத்தியும் ஒரே மாதிரி. எல்லாப் பனையும் ஆண் அல்லது பெண். கலப்புப் பாலமைப்பு என்பது ஒரு கூட்டத்தைப் பார்த்துச் சொல்லும் பெயர்: ஒரே இனத்தில், ஒரே இடத்தில், சில செடிகள் இருபால், மற்றவை ஒருபால். அந்த மற்றவை பெண்ணாக இருந்தால் பெண்–இருபால் கலப்பு. ஆணாக இருந்தால் ஆண்–இருபால் கலப்பு. மூன்றும் சேர்ந்து இருந்தால் மூவகைக் கலப்பு.

மண்புழு இதில் சேராது. ஒவ்வொரு மண்புழுவும் இருபால்தான். கோமாளி மீனும் சேராது. ஆணாக இருக்கும் மீன், கூட்டத்தின் பெண் இறந்ததும் பெண்ணாக மாறுகிறது. அது ஒரே உயிர் வேறு வேறு காலத்தில் செய்யும் மாற்றம், தனிக் கதை.

சுருக்கமாக: பூவையோ ஒற்றைச் செடியையோ பார்த்து இதைச் சொல்ல முடியாது. கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ண வேண்டும்.

## பப்பாளித் தோட்டத்தில் கொஞ்ச நேரம்

ஆண் பப்பாளியில் நீளமான காம்புகள் தொங்கும். அதில் கொத்துக் கொத்தாகச் சின்னக் குழல் பூக்கள். பெண் மரத்தில் பூ தண்டை ஒட்டியே இருக்கும், பெரியது. இதழைப் பிரித்தால் நடுவில் குண்டான சூலகம் மட்டும் இருக்கும். மகரந்தம் தரும் கேசரம் ஒன்றுகூட இருக்காது. இருபால் மரத்தின் பூவில் சூலகம் ஒடுங்கி நீண்டிருக்கும், அதைச் சுற்றிப் பத்துக் கேசரம். காயிலும் இது தெரியும். பெண் மரத்துக் காய் உருண்டை, உள்ளே குழி பெரிது. இருபால் மரத்துக் காய் நீளம், சதை கெட்டி. கடையில் வாங்கும் நீளப் பழங்கள் பெரும்பாலும் இருபால் மரத்துப் பிள்ளைகள்தான்.

இதை முடிவு செய்வது ஒரு ஜோடி குரோமோசோம். மரபணுக்களைச் சுமக்கும் நூல் போன்ற பொருளே குரோமோசோம். பப்பாளியில் பாலைத் தீர்மானிக்கும் குரோமோசோம் மூன்று வகை: எக்ஸ், ஆண் ஒய், இருபால் ஒய். இரண்டு எக்ஸ் இருந்தால் பெண். ஓர் எக்ஸும் ஆண் ஒய்யும் இருந்தால் ஆண். ஓர் எக்ஸும் இருபால் ஒய்யும் இருந்தால் இருபால். எந்த இரண்டு ஒய் சேர்ந்தாலும் அந்தக் கரு பிழைக்காது.

இந்தக் கடைசி விதி ஒன்றை வைத்தே நிறையச் சொல்லிவிடலாம். இருபால் மரம் தன் மகரந்தத்தாலேயே காய்த்தால், அதன் விதைகளில் மூன்றில் இரண்டு பங்கு இருபால், ஒரு பங்கு பெண். ஆண் வரவே வராது. அதே மரத்தின் பூவில் ஓர் ஆண் மரத்து மகரந்தம் விழுந்தால், அந்த ஒரே பழத்தின் விதைகளில் ஆண், பெண், இருபால் மூன்றும் சம அளவில் வரும். ஒரு பழத்து விதையைப் போட்டு, "எனக்கு மட்டும் ஏன் மூணு ஆண் மரம்?" என்று நொந்துகொள்கிறவர்களுக்கு இதுதான் பதில். மூன்றாவது ஆளின் ஒற்றை மரத்துக்கும் பதில் கிடைத்துவிட்டது: அது பெரும்பாலும் இருபால் மரமாக இருக்கும்.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் ரகங்களிலேயே இரண்டு வகையும் உண்டு. கோ 2 ஆண் பெண் பிரிந்த ரகம்; அதில் இருபது பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரத்தை விட்டு மீதி ஆண்களைக் களையச் சொல்வார்கள். கோ 3, கோ 7 இரண்டும் பெண்–இருபால் ரகங்கள்; அதில் குழிக்கு ஓர் இருபால் செடியை நிறுத்திவிட்டுப் பெண்ணைப் பிடுங்கிப் போடுவார்கள். பூ வரும்வரை எது எதுவென்று கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் குழிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கன்றுகளை நடுகிறார்கள்.

மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் தானாக முளைக்கும் காட்டுப் பப்பாளியில் ஆணும் பெண்ணும்தான் உண்டு. இருபால் ஒய் என்பது ஆண் ஒய்யிலிருந்து கிளைத்தது, அதுவும் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்புதான் என்று 2015ல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. மக்கள் பப்பாளியைப் பயிராக்கிய காலம் அது. காய்க்கிற ஆண் மரம் ஒன்றைக் கண்டு யாரோ அதன் விதையைப் பத்திரப்படுத்தியிருக்க வேண்டும். ஏணிக் கதைப்படி பார்த்தால் இது தலைகீழ்: பிரிந்திருந்த இனத்தில் புதிதாக இருபால் வந்து சேர்ந்திருக்கிறது.

சுருக்கமாக: பப்பாளியில் மூன்று வகையும் வருவதற்குக் காரணம் மூன்று வகைக் குரோமோசோம். அவற்றில் இருபால் வகை இளையது. அது நிலைத்ததில் மனிதக் கைக்கும் பங்கு உண்டு.

## டீக்கடைக் கணக்கு

மனிதக் கை படாத காட்டுச் செடிகளிலும் கலப்பு இருக்கிறதே, அது எப்படி? இங்கேதான் கணக்கு வருகிறது.

ஒரு டீக்கடையில் டீயும் பஜ்ஜியும் போடுகிறார்கள். இரண்டிலும் தலா நூறு ரூபாய் லாபம். ஒரு நாள் முதலாளி டீயை நிறுத்திவிட்டு, அந்த கேஸையும் ஆளையும் நேரத்தையும் பஜ்ஜிக்கே திருப்புகிறார். பஜ்ஜி லாபம் நூற்றைம்பது ஆகிறது. பஜ்ஜி வியாபாரம் பெருகியதென்னவோ உண்மை, ஆனால் கடைக்கு நஷ்டம். இருநூறைத் தாண்டினால்தான் அந்த முடிவு சரி.

இருபால் செடியும் இதே நிலையில்தான் இருக்கிறது. ஒரு தோட்டத்தில் எல்லாச் செடியும் இருபால், ஒவ்வொன்றும் நூறு விதை தருகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு விதைக்கும் ஒரு தாய், ஒரு தந்தை. ஆகவே சராசரியாக ஒவ்வொரு செடியும் நூறு விதைக்குத் தாய், இன்னொரு நூறு விதைக்குத் தந்தை. இதில் ஒரு செடியில் மரபணு மாறி மகரந்தம் நின்றுவிட்டால் அது பெண் செடி. தந்தை வழி வரவு சுத்தமாகப் போய்விட்டது. மிச்சமான சத்தை வைத்து அது இருநூறு விதைக்கு மேல் தந்தால்தான் அந்த மாற்றம் தலைமுறை தலைமுறையாகப் பரவும். ஒரே செடி விதையை இரட்டிப்பாக்குவது லேசில்லை.

இந்தத் தடையைக் குறைக்கும் சமாச்சாரம் ஒன்று உண்டு. இருபால் செடிகள் பல, தன் மகரந்தத்தைத் தன் சூலிலேயே போட்டுக்கொள்கின்றன. இது தன்மகரந்தச் சேர்க்கை. அப்போது மறைந்து கிடக்கும் கெட்ட மரபணுக்கள் தாய் வழியிலும் தந்தை வழியிலும் ஒன்றாக வந்து சேர்ந்து, பிள்ளைகளில் பல நோஞ்சானாகப் போகின்றன. இதைத் தற்கலப்பு நலிவு என்று சொல்லலாம். பெண் செடிக்கு இந்தத் தொல்லை கிடையாது, அதனிடம் மகரந்தமே இல்லையே. அதன் விதை எல்லாம் அயல் மகரந்தத்தில் பிறந்தவை, திடமானவை. அதனால் விதை இரட்டிப்பாகாவிட்டாலும் அதற்குக் கட்டுபடி ஆகலாம்.

சரி, லாபம் என்றால் எல்லாமே ஏன் பெண்ணாக மாறிவிடவில்லை? தெருவில் எல்லாக் கடையும் பஜ்ஜிக்கு மாறினால், டீ போடும் ஒரே கடையில் கூட்டம் அள்ளும். பெண் செடிகள் பெருகப் பெருக மகரந்தத்துக்குத் தட்டுப்பாடு. அப்போது இருபால் செடியின் ஒவ்வொரு துளி மகரந்தத்துக்கும் மவுசு கூடுகிறது. எது அரிதோ அதற்கு ஆதாயம். இந்த இழுபறிதான் இரண்டையும் ஒரே கூட்டத்தில் நிறுத்தி வைக்கிறது. பாதி வழியில் நின்றதாகத் தோன்றுவது பெரும்பாலும் இப்படி ஒரு சமநிலைதான்.

எப்போதும் அங்கேயே நிற்கும் என்றும் இல்லை. பெண்கள் நிறைய ஆனபின், இருபால் செடிகள் விதையைக் குறைத்து மகரந்தத்தைக் கூட்டுவது லாபமாகிவிடும். அப்படியே போனால் கடைசியில் அவை ஆணாகிவிடும், இனம் பனையைப் போல இரண்டாகப் பிரியும். உயிரியலாளர்கள் பிரையன் சார்ல்ஸ்வர்த்தும் டெபோரா சார்ல்ஸ்வர்த்தும் 1978ல் இந்தப் பாதையைக் கணிதமாக எழுதிக் காட்டினார்கள். பாதை இருக்கிறது என்பது உண்மை. எல்லாரும் அதில் போய்த்தான் ஆக வேண்டும் என்பது இல்லை.

சுருக்கமாக: ஒரு வேலையை விட்டால், இன்னொன்றில் அதை ஈடுகட்ட வேண்டும். ஈடுகட்டியவையும் அரிதாக இருக்கும்வரைதான் கொழிக்கும்.

## பஜ்ஜி மாஸ்டரின் தனிக் கணக்கு

தைம் என்று ஒரு வாசனைச் செடி, துளசிக் குடும்பம். மத்தியதரைக் கடலோரத்தில் காடாக வளரும். இதில் பெண் செடியும் இருபால் செடியும் கலந்திருப்பதையும், பெண் செடிகள் அதிகம் விதைப்பதையும் சார்ல்ஸ் டார்வின் 1877ல் வெளியிட்ட பூக்கள் பற்றிய நூலில் எழுதியிருக்கிறார். தெற்கு பிரான்ஸில் போய்ப் பார்த்தால் ஒரு சரிவில் பெண் செடி அபூர்வம்; இன்னொரு சரிவில் பெண்ணே பெரும்பான்மை. மேலே சொன்ன கணக்கு மட்டும் வைத்து இந்த அளவு ஏற்ற இறக்கத்தை விளக்குவது கஷ்டம்.

விடை செல்லுக்குள் இருக்கிறது. மரபணுக்கள் பெரும்பாலும் செல்லின் உட்கருவில் இருந்தாலும், செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற சின்ன உறுப்புக்கும் சொந்தமாகக் கொஞ்சம் மரபணு உண்டு. பெரும்பாலான செடிகளில் அது தாய் வழியாக மட்டுமே பிள்ளைக்குப் போகும். மகரந்தம் எவ்வளவு போனாலும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு அதில் பங்கு கிடையாது.

அதே டீக்கடையில் பஜ்ஜி மாஸ்டருக்கு, விற்கும் பஜ்ஜிக்கு மட்டும் கமிஷன் என்று வையுங்கள். டீ அடுப்பை அணைத்தால் பஜ்ஜி நூறிலிருந்து நூற்றொன்று ஆகும் என்றால்கூட அவர் அணைக்கத்தான் பார்ப்பார். கடைக்கு நஷ்டமானால் அவருக்கென்ன? மைட்டோகாண்ட்ரியாவில் மகரந்தத்தை நிறுத்தும் ஒரு மாற்றம் வந்து, விதை ஒன்றிரண்டு கூடினாலே அந்த மாற்றம் பரவும். இரட்டிப்பு விதியெல்லாம் அதற்கு இல்லை.

முதலாளி சும்மா இருப்பாரா? உட்கருவுக்கு மகரந்தத்திலும் பங்கு உண்டு. அதனால் மகரந்தத்தைத் திரும்ப வரவழைக்கும் உட்கரு மரபணுக்கள் தோன்றிப் பரவுகின்றன. இவற்றுக்கு மீட்பு மரபணு என்று பெயர். தைமில் எந்தச் சரிவில் மீட்பு மரபணு வந்து சேரவில்லையோ அங்கே பெண் நிறைந்திருக்கும். வந்து சேர்ந்த இடத்தில் இருபால் திரும்பிவிடும். ஒரே உடம்புக்குள் இரண்டு கட்சி. எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்த இடம் இதுதான்.

இது ஏட்டுச் சுரைக்காயும் இல்லை. வீரிய ஒட்டு விதை உற்பத்தியில் பெரும்பகுதி இந்தச் சண்டையின் மேல்தான் நிற்கிறது. கம்புக் கதிரில் இருப்பவை சின்னச் சின்னப் பூக்கள். அதில் ஒவ்வொரு பூவாகக் கேசரத்தைக் கிள்ளி ஒட்டுக்கட்டி ஏக்கர் கணக்கில் விதை எடுக்க முடியாது. மைட்டோகாண்ட்ரியாக் குறையால் மகரந்தமே தராத கம்பு வரிசை ஒன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கிடைத்தது. அதைத் தாயாக வைத்து இந்தியாவில் 1965ல் எச்.பி.1 என்ற முதல் வீரிய ஒட்டுக் கம்பு வந்தது. விவசாயி விதைக்கும் ஒட்டு விதையில் கதிர் மணி பிடிக்க வேண்டுமே, அதற்குத் தந்தை வரிசையில் மீட்பு மரபணு இருக்கும். நெல், சோளம், சூரியகாந்தி எல்லாவற்றிலும் இதே உபாயம் உண்டு.

## ஆண் மட்டும் ஏன் அபூர்வம்?

பெண்–இருபால் கலப்பு தாவரங்களில் பல குடும்பங்களில் காணக் கிடைக்கிறது. ஆண்–இருபால் கலப்போ மிக அரிது. ஆண் செடிக்கும் அதே இரட்டிப்பு விதி உண்டு: இருபால் செடி மகரந்தத்தால் பெறும் பிள்ளைகளைப் போல இரண்டு மடங்கு பெற வேண்டும். ஆனால் பெண்ணுக்கு உதவிய தன்மகரந்தச் சேர்க்கை, ஆணுக்கு எதிரி. இருபால் செடிகள் தங்கள் சூல்களைத் தாங்களே நிரப்பிக்கொண்டால், ஆணின் மகரந்தம் போய்ச் சேர இடமே இல்லை. போதாததற்கு, மைட்டோகாண்ட்ரியாவின் துணையும் ஆணுக்குக் கிடையாது.

இருந்தும் சில இடங்களில் ஆண்கள் தாக்குப்பிடிக்கிறார்கள். ஸ்பெயின், மொராக்கோ பக்கம் வளரும் மெர்குரியாலிஸ் என்ற களைச்செடி, ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் சில கூட்டங்களில் ஆண் செடி தன் பூக்களை உயரமான காம்பில் தூக்கிப் பிடித்து, இருபால் செடியைவிடப் பல மடங்கு மகரந்தத்தைக் காற்றில் கொட்டுகிறது. செடிகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் அது எடுபடுகிறது.

## விலங்குகளில்

ஆய்வகங்களில் புகழ்பெற்ற சி. எலிகன்ஸ் புழு ஒரு மில்லிமீட்டர் நீளம். உயிரியலாளர் சிட்னி பிரென்னர் 1960களில் அதைத் தேர்ந்தெடுத்த பிறகு உலகம் முழுக்கப் பரவியது. இதில் இருபாலும் ஆணும் உண்டு, பெண் கிடையாது. உற்றுப் பார்த்தால் அந்த இருபால் புழு, உண்மையில் கொஞ்சம் விந்து செய்யக் கற்றுக்கொண்ட பெண்தான். இளம் வயதில் சுமார் 300 விந்தணுவைச் செய்து சேமித்துவிட்டு, அப்புறம் முட்டை மட்டும் போடுகிறது. ஆணோடு சேராவிட்டால் அந்த 300 தீர்ந்ததும் பிள்ளைகளும் முடிந்தன. சேர்ந்தால் அதைவிடப் பல மடங்கு பெறும். இரண்டு இருபால் புழுக்கள் ஒன்றோடொன்று சேர முடியாது. ஆய்வகக் கூட்டத்தில் ஆண்கள் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு.

இதன் மூதாதைகள் ஆணும் பெண்ணுமாகப் பிரிந்தவை. பப்பாளியைப் போல இங்கும் இருபால் பின்னால் வந்தது. காரணம் அதன் பிழைப்பிலேயே இருக்கிறது: அழுகும் பழத்தில் பெருகி, அது தீர்ந்ததும் வேறு பழத்தைத் தேடிப் போக வேண்டும். தனியாகப் போய்ச் சேரும் புழுவுக்குத் துணை கிடைக்கும் என்று என்ன நிச்சயம்? விந்தைக் கையோடு வைத்திருப்பது குடும்பம் தொடங்கப் போதும்.

படகடியிலும் பாறையிலும் ஓட்டோடு ஒட்டியிருக்கும் கொட்டலசு வகைகளை டார்வின் எட்டு ஆண்டு அறுத்துப் பார்த்தார். சில இனங்களில் இருபால் உயிரின் மேலேயே கடுகளவு ஆண்கள் ஒட்டிக்கொண்டிருப்பதை 1851ல் எழுதினார். இரட்டிப்பு விதியை அந்தக் குட்டி ஆண்கள் வேறு வழியில் சமாளிக்கின்றன. உடம்பே இல்லாத அளவுக்குச் சிறியது என்றால் பிழைப்புச் செலவும் அவ்வளவுதானே.

முதுகெலும்புள்ளவற்றில் இப்படித் தன்னைத் தானே கருவுறச் செய்துகொள்ளும் மீன் ஒன்று உண்டு. ஃபுளோரிடாவிலிருந்து கரீபியன் வரை அலையாத்திக் காடுகளில், நண்டு வளைகளிலும் உளுத்த மரக்கட்டைக்குள்ளும் வாழும் மாங்குரோவ் கில்லி மீன். 1961ல் இது தெரியவந்தது. இதிலும் இருபாலும் ஆணும்தான். ஆண்கள் ஆரஞ்சு நிறம். முட்டைகள் குளிரான நீரில் வளர்ந்தால் ஆண் அதிகம் பிறப்பதாக ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள்.

ஃபுளோரிடாவில் ஆண்களைக் காண்பதே அரிது. பெலீஸ் நாட்டின் தீவுகளில் சில இடங்களில் நாலில் ஒன்று ஆண். அங்கே தன்கருவுறுதலில் பிறந்த மீன்களையும், ஆணோடு கலந்து பிறந்தவற்றையும் ஒப்பிட்டதில், முதல் வகையின் உடம்பில் ஒட்டுண்ணிகள் அதிகமாக இருந்தன. நோய் நெருக்கும் இடத்தில் கலப்புப் பிள்ளைகள் பெறுவது ஓர் ஆதாயம். அந்தக் கலப்புக்கு ஆண் தேவை, ஏனென்றால் இந்த மீனிலும் இருபால் இரண்டு ஒன்றோடொன்று சேர்வதில்லை.